இயந்திரக் கலையில் முஸ்லிம் முன்னோர்: பனூ மூஸா முதல் அல்ஜஸரீ வரை

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே. அவனுடைய அருளும் சாந்தியும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், நம் அனைவர் மீதும் நிலவட்டுமாக! ஆமீன்.



எந்திர மனிதன், தானியங்கி, ரோபோ என்னும் சொற்கள் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் வாயில் சரளமாகப் புழங்குகின்றன. தொழிற்சாலைகளில் எந்திரக் கைகள் உருக்கி ஒட்டுகின்றன. மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைக்குத் துணை நிற்கின்றன. இவையெல்லாம் நேற்று முளைத்தவை என்றும், நமக்கும் இவற்றிற்கும் தொடர்பே இல்லை என்றும் பலர் எண்ணுகின்றனர். மற்றொரு சாராரோ, உலகில் உள்ள இயந்திரங்கள் அனைத்தையும் நாமே கண்டுபிடித்தோம், பிறர் திருடிக்கொண்டனர் என்று மேடைதோறும் முழங்குகின்றனர். இவ்விரண்டும் உண்மை அல்ல. உண்மை எதுவோ அதை அறிந்துகொள்வதும், அதிலிருந்து நம் ஜமாஅத்திற்கு எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எதுவோ அதைக் காண்பதுமே இவ்வுரையின் நோக்கமாகும்.

நமக்கு முன் இருந்தவர்கள்

தானே இயங்கும் கருவிகளைப் பற்றிய முறையான நூல்கள் கிரேக்க மொழியில்தான் முதலில் எழுந்தன. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தெசிபியஸ் என்பவர் நீர்க்கடிகாரத்தைச் செம்மைப்படுத்தினார். நீரை அழுத்தி மேலேற்றும் பம்பை அமைத்தார். அதே நகரில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஹீரோன், நாணயத்தைப் போட்டால் அளவாக நீர் தரும் பெட்டியைப் பற்றி எழுதி வைத்தார். பலிபீடத்தில் தீ மூட்டினால் தாமே திறந்துகொள்ளும் கோயில் கதவுகளைப் பற்றியும் அவர் விளக்கியுள்ளார்.

இந்த ஹீரோனுடைய 'இயந்திரவியல்' நூலின் கிரேக்க மூலம் முழுமையாகக் கிடைக்கவில்லை. 9ஆம் நூற்றாண்டில் குஸ்தா இப்னு லூக்கா என்னும் கிறித்தவ அறிஞர் அதை அரபியில் பெயர்த்து வைத்தமையால்தான் அந்நூல் உலகிற்கு மிஞ்சியது. கிரேக்கர் எழுதினர், கிறித்தவர் மொழிபெயர்த்தார், அரபு மொழி பாதுகாத்தது. அறிவு என்பது ஒரு சமுதாயத்தின் தனிச் சொத்து அன்று, கைமாறிக் கைமாறி வருகின்ற அமானிதம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பாக்தாதின் மூன்று சகோதரர்கள்

கலீஃபா ஹாரூன் அர்ரஷீத், பிராங்கியப் பேரரசர் சார்லமேனுக்குப் பித்தளையால் ஆன நீர்க்கடிகாரம் ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினார். கி.பி. 807ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றாகப் பிராங்கிய அரசவைக் குறிப்பேடு இதைப் பதிந்துள்ளது. மணிக்கு ஒன்றாக வெண்கலக் குண்டுகள் விழுந்து தாளத்தை ஒலிக்கச் செய்ததையும், பன்னிரண்டு சாளரங்களிலிருந்து பன்னிரண்டு குதிரை வீரர்கள் வெளிவந்ததையும் அக்குறிப்பு வியந்து பேசுகின்றது.

ஹாரூனின் மைந்தர் கலீஃபா மஃமூன் (ஆட்சி 813-833) காலத்தில் முஹம்மது, அஹ்மது, ஹஸன் என்னும் மூன்று சகோதரர்கள் தோன்றினர். இவர்களின் தந்தை மூஸா இப்னு ஷாகிர், இளமையில் வழிப்பறி செய்து திரிந்தவர் என்றும், பின்னர் திருந்தி வானவியல் பயின்று மஃமூனின் நண்பரானவர் என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். தந்தை மறைந்தபின் அப்பிள்ளைகளை மஃமூன் தம் பொறுப்பில் ஏற்று, பாக்தாதின் 'பைத்துல் ஹிக்மா' என்னும் அறிவகத்தில் கல்வி பயில வைத்தார். யதீம்களை ஆதரித்த ஓர் ஆட்சியாளரின் செயல், உலக அறிவியல் வரலாற்றிலேயே ஓர் அத்தியாயமாக மலர்ந்தது.

'பனூ மூஸா', அதாவது மூஸாவின் மக்கள் என்று அழைக்கப்படும் இச்சகோதரர்கள் கி.பி. 850ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலில் ஏறத்தாழ நூறு கருவிகள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை விருந்தினரை வியக்க வைக்கும் மாயக் குவளைகளும், வடிவம் மாறி மாறிப் பாயும் நீரூற்றுகளுமே ஆகும். ஆயினும் தன் திரியைத் தானே தூண்டிக்கொள்ளும் விளக்கும், காற்றடித்தாலும் அணையாத விளக்கும், நச்சுக்காற்று நிறைந்த கிணற்றில் இறங்குவோர் மூச்சுவிட உதவும் கருவியும், நீருக்கடியில் கிடக்கும் பொருளைக் கவ்வி எடுக்கும் இருவாய்ப் பொறியும் அந்நூலில் உள்ளன.

நம் பள்ளிவாசலின் மேல்நிலைத் தொட்டியில் நீர் நிறைந்ததும் மிதவை மேலெழுந்து குழாயைத் தானே அடைத்துவிடுகிறது அன்றோ? மனிதக் கை படாமல், நீரின் மட்டமே நீரின் வரவைக் கட்டுப்படுத்துகின்ற அந்தத் தத்துவத்தைக் கிரேக்கர்கள் தொடங்கி வைத்தனர். பனூ மூஸா சகோதரர்கள் அதை வியத்தகு நுட்பத்துடன் வளர்த்தெடுத்தனர். தானே இசைக்கும் கருவி ஒன்றைப் பற்றியும் அவர்கள் தனியே ஒரு நூல் எழுதினர். முளைகள் பதித்த உருளை ஒன்று சுழல, அம்முளைகள் குழலின் துளைகளைத் திறந்து மூடும். எந்த இசை வேண்டுமோ அதற்கேற்ப முளைகளை அமைத்துக்கொள்ளலாம். இயந்திரத்திற்கு முன்கூட்டியே கட்டளை எழுதி வைக்கும் வழக்கத்தின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்றாக ஆய்வாளர்கள் இதனைக் கருதுகின்றனர்.

திமிஷ்கு ஜாமிஆ பள்ளியின் கடிகாரம்

ஜமாஅத்தார்களாகிய நமக்கு மிக நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. திமிஷ்கு நகரின் உமய்யாப் பள்ளிவாசலில், ஜைரூன் வாயிலருகே, சுல்தான் நூருத்தீன் ஸங்கி (ஆட்சி 1154-1174) காலத்தில் முஹம்மது அஸ்ஸாஅத்தீ என்னும் கலைஞர் மாபெரும் நீர்க்கடிகாரம் ஒன்றை அமைத்தார். 1184ஆம் ஆண்டு அந்நகருக்கு வந்த ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர் அதனைக் கண்டு விரிவாக எழுதியுள்ளார். ஒவ்வொரு மணி நேரம் கழியும்போதும் இரண்டு பித்தளைப் பருந்துகளின் வாயிலிருந்து இரண்டு குண்டுகள் பித்தளைக் கிண்ணங்களில் விழும், ஓசை எழும், அந்த நேரத்திற்குரிய கதவு மூடிக்கொள்ளும். இரவு வேளையிலோ, விளக்கொளி கண்ணாடி வட்டங்களில் சிவந்து படர்ந்து நேரத்தைக் காட்டும்.

கடிகாரத்தை அமைத்தவர் காலமானார். அதன் பின்னர் அதைப் பராமரிக்க முயன்றவர்களால் இயலவில்லை, பொறி பழுதடைந்தது. இறுதியில் அவருடைய மைந்தர் ரிள்வான் அதனைச் செப்பனிட்டு, அதன் ஒவ்வோர் உறுப்பையும் விளக்கி 1203ஆம் ஆண்டில் நூலொன்றை எழுதினார். இந்த ரிள்வான் மருத்துவர். அமைச்சர் பதவியும் வகித்தவர். ஆயினும் தந்தையின் பித்தளைச் சக்கரங்களைத் தம் கையால் தொட்டுத் துலக்குவதை அவர் இழிவாகக் கருதவில்லை. கடிகாரம் இன்று இல்லை. அந்நூல் இருக்கின்றது. அதனால்தான் அக்கடிகாரத்தைப் பற்றி இங்கே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அல்ஜஸரீயின் ஐம்பது கருவிகள்

ரிள்வான் நூலெழுதிய மூன்றே ஆண்டுகளில், இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் நகரில் இத்துறையின் தலைசிறந்த நூல் நிறைவு பெற்றது. அதன் ஆசிரியர் பதீவுஸ்ஸமான் அபுல் இஸ் இஸ்மாயீல் இப்னு ரஸ்ஸாஸ் அல்ஜஸரீ ஆவார். ஹிஜ்ரி 570 முதல் இருபத்தைந்து ஆண்டுகள் அர்த்துக்கிய மன்னர் குடும்பத்திடம் அவர் பணியாற்றி வந்தார். மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூது, அவர் செய்த கருவிகளைக் கண்டு மகிழ்ந்து, இவையெல்லாம் அழிந்துபோகாமல் இருக்க எழுதி வைக்குமாறு பணித்தார். அவ்வாறு எழுந்த நூல் 1206ஆம் ஆண்டு நிறைவுற்றது. அதே ஆண்டில் படியெடுக்கப்பட்ட பிரதி ஒன்று இஸ்தான்புல் தோப்காபி அரண்மனை நூலகத்தில் உள்ளது.

அந்நூலில் ஐம்பது கருவிகள் ஆறு பிரிவுகளாக விளக்கப்பட்டுள்ளன. கடிகாரங்கள் பத்து, விருந்துக் கலங்களும் உருவங்களும் பத்து, ஒளூச் செய்யவும் குருதி வாங்கும் சிகிச்சைக்கும் உரிய கெண்டிகள், தாம்பாளங்கள் பத்து, நீரூற்றுகளும் தானே ஊதும் குழல்களும் பத்து, நீர் இறைக்கும் பொறிகள் ஐந்து, கதவு, பூட்டு முதலிய பிற ஐந்து.

இவற்றுள் யானைக் கடிகாரம் உலகப் புகழ் பெற்றது. யானையின் வயிற்றில் நீர்த்தொட்டி உண்டு. அடியில் சிறு துளையுள்ள கிண்ணம் ஒன்று அதில் மிதக்கும். நீர் சிறிது சிறிதாக ஏற, அரைமணி நேரத்தில் கிண்ணம் மூழ்கும். மூழ்கும்போது அது கயிற்றை இழுக்க, மேலிருந்து ஒரு குண்டு விடுபட்டுப் பருந்தின் அலகு வழியாகப் பாம்பின் வாயில் விழும். குண்டின் எடையால் பாம்பு கீழே சாயும். சாயும்போதே மூழ்கிய கிண்ணத்தைக் கயிற்றால் மேலே தூக்கிக் கவிழ்த்துவிடும். குண்டு கலத்தில் விழுந்ததும் பாகன் யானையை அடிப்பான், ஓசை கேட்கும். பாம்பு மீண்டும் நிமிரும். கிண்ணம் மீண்டும் மிதக்கும். தான் செய்த வேலையின் பயனாகவே அடுத்த வேலையைத் தொடங்கிக்கொள்ளும் பொறி இது. துளையுள்ள கிண்ணம் நீரில் மூழ்கும் நேரத்தைக் கொண்டு காலத்தை அளப்பது நம் நாட்டில் பழங்காலம் முதல் இருந்த முறையாகும். நாழிகை வட்டில் என்று தமிழ் முன்னோர் வழங்கியதும் இத்தகையதே. யானையும் பாகனும் மட்டுமன்றி, அதன் உள்ளே மூழ்கும் கிண்ணமும் இந்திய மண்ணை நமக்கு நினைவூட்டுகின்றது.

அல்ஜஸரீ வெறும் கற்பனையாளர் அல்லர், கைவினைஞர். செய்து பார்த்துச் சோதிக்கப்படாத தொழில் அறிவு மெய்க்கும் பொய்க்கும் இடையே தொங்கிக்கொண்டிருப்பது என்பது அவருடைய கொள்கை. மரம் வளைந்துவிடாமல் இருக்கப் பலகைகளை அடுக்கி ஒட்டுவது எப்படி, மூடிய மணல் அச்சில் உலோகத்தை வார்ப்பது எப்படி, வால்வு கசியாமல் இருக்க அதன் இருக்கையைத் தேய்த்துப் பொருத்துவது எப்படி என்றெல்லாம், பயிலும் சீடனுக்குச் சொல்வதைப்போல் எழுதியுள்ளார். தமக்கு முன்னோரான பனூ மூஸாவையும், ஆர்க்கிமிடீஸின் பெயரால் வழங்கிய கடிகார நூலையும் மறைக்காமல் குறிப்பிடுகின்றார். அவர்களின் அமைப்பில் எங்கே குறை கண்டாரோ, அதனையும் சொல்லி, தாம் செய்த மாற்றத்தையும் சொல்கின்றார்.

ஆகவே நாமும் அளவோடு பேச வேண்டும். சுழலும் இயக்கத்தை முன்னும் பின்னுமான இயக்கமாக மாற்றும் வளைதண்டு அல்ஜஸரீயின் கண்டுபிடிப்பே என்று சிலர் எழுதுகின்றனர். ஆனால் துருக்கியில் உள்ள ஹியராபோலிஸ் நகரின் 3ஆம் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பத்தில், வளைதண்டால் இயங்கிய உரோமர் காலக் கல் அறுக்கும் ஆலை செதுக்கப்பட்டுள்ளது. அல்ஜஸரீயின் பெருமைக்கு இதனால் யாதொரு குறைவும் இல்லை. எதிரெதிரே இயங்கும் இரண்டு உருளைகளைக் கொண்டு, உறிஞ்சு குழாய்களால் நீரை மேலேற்றிய அவருடைய பம்பு ஒன்றே அவர் புகழுக்குப் போதும். உள்ள பெருமையே மலையளவு இருக்கும்போது இல்லாத பெருமை நமக்கு எதற்கு?

யாருக்காக இந்த இயந்திரங்கள்?

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மேற்கண்ட கருவிகளில் பல, மன்னர்களின் கேளிக்கைக்காக எழுந்தவை. அல்ஜஸரீயின் இரண்டாம் பிரிவு மது அருந்தும் அவைகளுக்கு உரியது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மார்க்கம் அனுமதிக்காததை முன்னோர் செய்தனர் என்பதற்காக அது அனுமதிக்கப்பட்டதாக ஆகிவிடாது. கருவியின் நுட்பம் வேறு. கருவியின் பயன் வேறு. இரண்டையும் தனித்தனியே எடைபோடுவதே அறிவுடைமை.

அதே நூலில் மற்றொரு கருவியும் இருக்கின்றது. மன்னர் மஹ்மூது ஒளூச் செய்யும்போது பணியாளரோ அடிமைப் பெண்ணோ தம் கையில் நீர் ஊற்றுவதை விரும்பவில்லை. எனவே தானே நீர் ஊற்றும் கருவி ஒன்றைச் செய்து தருமாறு கேட்டார் என்று அல்ஜஸரீ எழுதுகின்றார். கெண்டியிலிருந்து நீர் அளவாக வழியும். பறவை ஒலி எழுப்பும். பணியாள் உருவம் துடைக்கும் துணியை நீட்டும்.

'ரோபோ' என்னும் சொல் பிறந்த வரலாற்றை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920ஆம் ஆண்டு வெளியிட்ட நாடகத்தில் அச்சொல் முதன்முதலாக இடம்பெற்றது. சொல்லைத் தந்தவர் அவருடைய அண்ணன் ஜோசப். 'ரோபோத்தா' என்றால் செக் மொழியில் பண்ணையடிமை செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு, நம் வழக்கில் வெட்டி வேலை என்பது பொருள். கூலியின்றி உழைப்பவனின் பெயரே இயந்திரத்தின் பெயராயிற்று. 1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 'யூனிமேட்' என்னும் முதல் தொழிற்சாலை ரோபோ பணிக்கு அமர்த்தப்பட்டது. சூடான உலோக வார்ப்புகளை எடுத்து வைக்கின்ற, மனிதனுக்கு ஊறு விளைவிக்கும் வேலையையே அது செய்தது.

பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்களின் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டினார்கள். அந்த அளவுகோலால் அளந்தால், மனிதனின் தோளிலிருந்து சுமையை இறக்கும் இயந்திரம் நல்ல இயந்திரம். உழைத்த மனிதனைத் தெருவில் நிறுத்திவிட்டு ஒருவரின் பெட்டியை மட்டும் நிரப்பும் இயந்திரம் கேள்விக்கு உரியது. திமிஷ்கின் யஸீத் கால்வாய்க் கரையில், அல்ஜஸரீ விளக்கிய முறையை ஒத்த நீரிறைக்கும் சக்கரம் ஒன்று 13ஆம் நூற்றாண்டு முதல் இயங்கி, மருத்துவமனைக்கு நீர் வழங்கி வந்தது. அரண்மனையின் ஆடும் பொம்மைகள் மறைந்தன. நோயாளிக்கு நீர் தந்த சக்கரம் நூற்றாண்டுகள் நிலைத்தது.

ஏன் பின்தங்கினோம்?

இக்கலை அல்ஜஸரீயோடு முடிந்துவிடவில்லை. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் பூ இனானிய்யா மதரஸாவின் எதிரே 1357ஆம் ஆண்டு நீர்க்கடிகாரம் அமைந்தது. உஸ்மானிய அறிஞர் தகிய்யுத்தீன் 1551ஆம் ஆண்டு எழுதிய நூலில் ஆறு உருளைப் பம்பையும், நீராவியின் வேகத்தால் சுழலும் இறைச்சிக் கம்பியையும் விளக்கினார். 1577ஆம் ஆண்டு இஸ்தான்புல்லில் அவருக்காக வானாய்வு நிலையம் எழுப்பப்பட்டது. ஆனால் 1580இல் அது இடித்துத் தள்ளப்பட்டது. தீய சகுனம் பற்றிய அச்சம், அரசவைப் பூசல் என்று பல காரணங்கள் கூறப்படுகின்றன. அதே காலத்தில் டென்மார்க்கில் தைக்கோ பிராகேயின் வானாய்வு நிலையம் தடையின்றி இயங்கியது. அதன் குறிப்புகளைக் கொண்டே கெப்ளர் கோள்களின் பாதையைக் கண்டறிந்தார். ஒரு சமுதாயம் தன் அறிஞனின் கருவியை இடிக்கும்போது, இடிவது சுவர் மட்டும் அன்று.

அல்ஜஸரீயின் நூலும் படியெடுக்கப்பட்டதே தவிர, பட்டறைகளில் வளர்த்தெடுக்கப்பட்டதற்கான அடையாளம் குறைவு. இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர்கள் அதன் பகுதிகளை ஆராய்ந்தனர். 1974ஆம் ஆண்டு டொனால்டு ஹில் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்தார். நம் முன்னோரை நமக்கு மீண்டும் அறிமுகப்படுத்தியவர்கள் அவர்களே. அவர்களுக்கு நாம் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

நம் ஜமாஅத்திற்கு மூன்று வேண்டுகோள்கள்

அன்பிற்கினியவர்களே! இவ்வரலாற்றைக் கேட்டு மகிழ்ந்து கலைந்துவிட்டால் நமக்குப் பயன் இல்லை.

முதலாவதாக, கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணும் மனப்பான்மையை நாம் விட்டொழிக்க வேண்டும். தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், கவசத்தின் வளையங்களை அளவாகக் கோக்குமாறு அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டதையும் திருமறை பேசுகின்றது. ஒரு நபியின் கரத்தில் இருந்த தொழிலை இழிவென்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? மோட்டார் பழுது பார்க்கும் இளைஞனுக்கும் கடைசல் பட்டறையில் நிற்கும் தம்பிக்கும் பெண் கொடுக்கத் தயங்கும் நாம், அல்ஜஸரீயின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவது முரண் அன்றோ?

இரண்டாவதாக, வீட்டில் வானொலியையோ பொம்மைக் காரையோ பிரித்துப் போடும் பிள்ளையை உடனே அடித்து விரட்டாமல், மீண்டும் பூட்டிக் காட்டு என்று கேட்போமாக. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இது பொருந்தும். கல்வி உதவி வழங்கும்போது பட்டப் படிப்பிற்கு மட்டுமன்றித் தொழிற்பயிற்சிக்கும் பட்டயப் படிப்பிற்கும் சம இடம் தருவோமாக. பனூ மூஸா மூவரும் யதீம்கள் என்பதை மறவாதீர்கள். நம் மஹல்லாவின் யதீம் பிள்ளைகளிலும் அத்தகைய மூளை இருக்கக்கூடும். மஃமூனைப் போல் அரவணைக்கும் கரம்தான் வேண்டும்.

மூன்றாவதாக, எழுதி வைப்போமாக. திமிஷ்குக் கடிகாரத்தின் இரகசியம் ஒருவர் நெஞ்சில் மட்டும் இருந்தபோது, அவர் மறைவுடன் பொறியும் நின்றது; மகன் எழுதி வைத்தபின் எண்ணூறு ஆண்டுகளாக வாழ்கின்றது. நம் பள்ளிவாசலின் நீர்க்குழாய் எந்த வழியாகச் செல்கின்றது, வக்ஃபு நிலத்தின் எல்லை எது, பழைய கைவினைஞர்கள் மரவேலையை எவ்வாறு செய்தனர் என்பனவெல்லாம் இன்று சில முதியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. இளைஞர்கள் அவர்களிடம் அமர்ந்து கேட்டு, ஏட்டில் பதிய வேண்டும். இந்த ஆண்டு மலரின் பக்கங்கள் அதற்கு இடம் தரட்டும்.

பயனுள்ள கல்வியைத் தருவாயாக, பயனற்ற கல்வியிலிருந்து காப்பாயாக என்று இறைவனிடம் கையேந்துவோம். நம் பிள்ளைகளின் கரங்களில் திறமையையும், உள்ளங்களில் ஈமானையும், உழைப்பில் பரக்கத்தையும் வல்ல ரஹ்மான் அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.